லாச்சியின் மொட்டை வால்

ஃபெரெட் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், பிறகு என்னை நிறுத்த முடியாது. கீரிப்பிள்ளையைத் தலையிலும் வாலிலும் பிடித்து நீட்டி இழுத்தது போன்ற உடம்பு, முகமூடி கட்டிய கள்வனின் முகம். நாளில் முக்கால்வாசி நேரம் தூக்கம், மிச்ச நேரம் களவு. காலுறை, கார்ச் சாவி, ஒருமுறை அப்பாவின் மூக்குக்கண்ணாடி. இதையெல்லாம் நான் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதற்குள் நண்பர்கள் வாசலைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அப்போது எண்ணெய்க் கதையை எடுத்துவிடுவேன். எல்லோரும் சிரித்துக்கொண்டு திரும்ப வந்து உட்காருவார்கள். அந்தக் கதைக்குப் பின்னால் இன்னொன்று இருப்பது எனக்கே வெகுகாலம் தெரியாது.

அப்போது நாங்கள் கிளேட்டன் என்ற புறநகரில் இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பு. வீட்டின் பின்னறையில் பல்கலைக்கழகத்தில் படித்த மலேசியத் தமிழ் அண்ணா ஒருவர் வாடகைக்கு இருந்தார். சிலர் நாடு விட்டு நாடு போனால் தனிமைக்கு மீன் வளர்ப்பார்கள். அவர் ஃபெரெட் வளர்த்தார். பழுப்பு நிறப் பெண் குட்டி. பெயர் பெலாச்சான். அது அவர்கள் ஊரில் சமையலுக்குப் போடும் இறால் விழுது என்றும், வாசம் நாலு வீடு தாண்டும் என்றும் அவரே விளக்கம் சொல்வார். "மோந்து பாருங்க ஆன்ட்டி, அப்படியே எங்கம்மா அடுப்படி" என்று அம்மாவிடம் நீட்டுவார். அம்மா இரண்டடி பின்னால் போவார்.

படிப்பு முடிந்து அண்ணாவுக்கு பிரிஸ்பேனில் வேலை கிடைத்தது. அந்த ஊர் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஃபெரெட் வைத்திருப்பது சட்டப்படி குற்றம். போகிற நாளில் கூண்டோடு வாசலில் நின்றார். "தங்கச்சி, ரெண்டு வருசம் பிள்ளை மாதிரி வளத்துட்டேன்லா. நீ பாத்துக்குவியா?" அம்மா வாயைத் திறப்பதற்குள் கூண்டு என் கையில் இருந்தது. காரில் ஏறும்போது கண்ணாடியை இறக்கி அவர் சொன்னார்: "குட்டி போடாம இருக்கிற ஆப்பரேஷன்லாம் வித்தவங்களே சின்னக் குட்டியிலயே பண்ணித்தான் கொடுத்தாங்க. ஒரு கவலையும் இல்ல."

அந்த ஒரு வரிக்குள் வரப்போகிற கவலை முழுவதும் இருந்தது. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"உந்தக் கீரி குசினிக்குள்ள கால் வைச்சால் நான் வெளியால போயிடுவன்" என்று அம்மா அறிவித்தார். ஆகவே சமையலறையிலிருந்து தள்ளி, துணி துவைக்கும் அறை அவளுக்கு ஒதுக்கப்பட்டது. பெலாச்சான் என்ற பெயர் எங்கள் வாயில் நுழைந்து தேய்ந்து லாச்சி ஆனது. யாழ்ப்பாணத்தில் யாரோ ஒரு மாமியின் பெயர் மாதிரி இருக்கிறது என்று அப்பா சொன்னார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அம்மாவின் தங்கை, என் சித்தி, ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். அண்ணா விட்டுப்போன பின்னறை சித்தியுடையதானது. அதிகம் பேசமாட்டார். ஆங்கிலம் வாசிப்பார், யாராவது கதைத்தால் மட்டும் தடுமாறுவார். வந்த முதல் வாரமே எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. காரணம் லாச்சி. நாங்கள் எல்லோரும் ஹீட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்போம். சித்தி திடீரென்று எழுந்து, சால்வையால் முகத்தை விசிறிக்கொண்டு துவைக்கும் அறைக்குப் போவார். அங்கே சீமெந்துத் தரை ஐஸ் மாதிரி இருக்கும். சித்தி அதில் சப்பணம் கட்டி, முதுகை வாஷிங் மெஷினில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு இருப்பார்.

"சித்தி, உங்களுக்குக் குளிரேல்லையா?"

"லாச்சியைப் பாக்க வந்தனான்."

எனக்குப் பெருமை தாங்காது. இந்த வீட்டில் ரசனை உள்ளவர்கள் இரண்டே பேர், நானும் சித்தியும் என்று முடிவு செய்துகொண்டேன்.

சித்திக்கு முடி கொட்டியது. சீப்பில் பந்து பந்தாக வரும். அம்மா அதைப் பார்த்துப் பதறினார். பக்கத்து ஊரான ரோவிலில் இருந்த ஒரு தமிழ்க் குடும்பம் தங்கள் மகனுக்குச் சித்தியைப் பார்க்க வருவதாக இருந்தது, அதனால். படம் பார்த்துப் பிடித்துவிட்டது, நேரில் வருகிறார்கள். "அவை வரேக்க தலை வடிவா இருக்க வேணும்" என்று சொல்லி, தேங்காயெண்ணெயில் கறிவேப்பிலையும் வெந்தயமும் சின்ன வெங்காயமும் போட்டுக் காய்ச்சிப் போத்தலில் ஊற்றி வைத்தார். வீடு முழுவதும் அந்த வாசம். சித்தி மட்டும், "அக்கா, அவையளுக்கு முதல்லயே சொல்ல வேணும்" என்று ஒருநாள் குசினியில் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "நீ வாயை மூடிக்கொண்டு இரு. ஒண்டும் சொல்லத் தேவையில்லை" என்றார் அம்மா. முடி கொட்டுவதைச் சொல்லத்தான் சித்தி ஆசைப்படுகிறார் என்று நான் நினைத்தேன். எவ்வளவு நேர்மையான பெண்!

லாச்சியின் வாலடியில் வழுக்கை விழத் தொடங்கியதும் அந்த நாட்களில்தான்.

முதலில் ஒரு நாணயம் அளவுக்கு. பிறகு வால் முழுவதும் எலிவால் மாதிரி ஆயிற்று. பிறகு இடுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட இறக்காமல் ஓடிவந்து அவளைப் புரட்டி வாலைத்தான் பார்ப்பேன். நேற்று இங்கே இருந்ததா, இது நேற்றே இல்லையா? கணக்குப் பாடத்தில் இருந்தாலும் அந்த வால்தான் கண்ணுக்குள் நிற்கும். அவள் சொறிந்துகொண்டே இருந்தாள். பின்பக்கம் வேறு வீங்கியிருந்தது. மெலிந்துகொண்டும் வந்தாள். தூக்கினால் கையில் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும்.

அம்மா ஒருநாள் பார்த்துவிட்டார். "சொறி! பிள்ளை, இது உனக்கும் ஒட்டும். ரோவில் ஆக்கள் வாற நேரம் வீட்டில சொறிக் கீரியோ?" அப்பா எதையும் தள்ளிப்போடுவதில் வல்லவர். அன்று அவரே, "அவை வந்து போகட்டும். அதுக்குப் பிறகும் சுகமில்லை எண்டால், பிராணிகள் காப்பகத்தில கொண்டுபோய்க் குடுப்பம்" என்றார். காப்பகத்துக்குப் போன சொறிபிடித்த ஃபெரெட் திரும்பி வருமா? எனக்குத் தெரியும், வராது.

முடி கொட்டினால் என்ன செய்வது? அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு வேறு என்ன தோன்றும்? போத்தலைத் திருடினேன். லாச்சியை மடியில் கிடத்தி, வாலிலும் இடுப்பிலும் கறிவேப்பிலை எண்ணெயை அரக்கித் தேய்த்தேன். அவளுக்கு அது சொர்க்கம். நான் தேய்க்கத் தேய்க்க அவள் நக்கினாள். இறக்கிவிட்டால் சீமெந்துத் தரையில் கால் வழுக்கி, அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வயிற்றால் சறுக்கிக்கொண்டு போனாள். அடுத்த நாள் வயிற்றாலும் போனாள், வேறு அர்த்தத்தில். நான்தான் கழுவினேன்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் சிரிப்பார்கள்.

மூன்றாம் முறையோ நாலாம் முறையோ சித்தியிடம் அகப்பட்டேன். போத்தலைப் பார்த்தார், லாச்சியைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். "ஊத்து. அவளுக்குப் பாதி, எனக்குப் பாதி." அன்றிலிருந்து சித்தி தன் தலைக்குத் தேய்ப்பார், நான் லாச்சியின் வாலுக்குத் தேய்ப்பேன். இரண்டு பேருக்கும் ஒரு மயிர்கூட முளைக்கவில்லை.

ரோவில்காரர்கள் வரும் சனிக்கிழமையும் வந்தது. அம்மா காலையிலிருந்தே குசினியில். அப்பா கேக் வாங்கப் போய்விட்டார். நான் துவைக்கும் அறையை எட்டிப் பார்த்தேன். லாச்சி எழும்பவில்லை. முன்கால்களால் நிலத்தைப் பிறாண்டுகிறாள், பின்கால்கள் துணி மாதிரி இழுபடுகின்றன. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ரோஜா நிறமாக இருக்க வேண்டிய பல்முரசு வெள்ளையாக இருந்தது.

ஓடினேன். "அம்மா, லாச்சி சாகப்போறாள்!"

"இப்ப என்னை ஆக்கினைப்படுத்தாதை. எண்ணெய்ச் சட்டியில ரோல்ஸ் கருகப்போகுது. பின்னேரம் பாப்பம்."

பின்னேரம் மிருக வைத்தியசாலை பூட்டிவிடும். நான் அழவில்லை. அழுதால் நேரம் போய்விடும் என்று இருந்தது. பின்னறைக்கு ஓடினேன். சித்தி அம்மாவின் நீலச் சேலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். கையில் பொட்டு. நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பொட்டைக் கண்ணாடியிலேயே ஒட்டிவிட்டு என் பின்னால் வந்தார். குனிந்து லாச்சியின் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். பழைய துவாய் ஒன்றில் அவளைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

"வா."

"சித்தி, அவை வரப்போகினம்."

"வரட்டும். கதிரை இருக்குத்தானே, இருப்பினம்."

பின்வாசலால் போனோம். சித்தி அதுவரை அம்மா இல்லாமல் பஸ் ஏறியதில்லை. பட்டுச் சேலையும் காலில் என் அம்மாவின் தோட்டத்துச் செருப்புமாக அவர் நிற்க, நான் சில்லறையை நீட்டினேன். பஸ்ஸுக்குள் கறிவேப்பிலையும் ஃபெரெட்டும் கலந்த வாசம் பரவியது. எதிரில் இருந்த இரண்டு பெண்கள் எழுந்து பின்னால் போனார்கள். வேறொரு நாளாக இருந்தால் எனக்கு உயிர் போயிருக்கும். அன்று என் கை பெட்டிக்குள், லாச்சியின் வயிற்றின் மேல் இருந்தது. ஏறுகிறதா, இறங்குகிறதா. ஏறுகிறது. இறங்குகிறது. அடுத்தது ஏறும்வரை நானும் மூச்சு விடவில்லை.

மிருக வைத்தியர் ஒரு பெண்மணி. முழங்கை வரை சட்டைக்கையை மடித்துவிட்டிருந்தார். பெட்டியைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, இவளை யார் பொரிக்கப் பார்த்தது என்பதுதான். எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்காதது எனக்குப் பயமாக இருந்தது. வயிற்றை அமுக்கினார், முரசைப் பார்த்தார், வாலைத் தடவினார். கருத்தடை எப்போது செய்தது என்று கேட்டார். மிகச் சின்னக் குட்டியில், என்றேன். பெருமூச்சு விட்டார்.

அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் சித்திக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு இது பழக்கமான வேலை. வங்கியில், மருந்துக்கடையில், பள்ளிக்கூடத்தில், எங்கும் பெரியவர்களின் வாய் நாங்கள்தான். ஆனால் அன்று பெரிய சங்கடம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மாதங்களின் பெயரும் மலர்களின் பெயரும் சொல்லித் தந்தார்களே தவிர, இதற்கெல்லாம் சொல் தரவில்லை.

"சித்தி, குட்டி போடாமல் இருக்க உள்ளுக்குள்ள இருந்ததை எடுத்துப்போட்டினம்தானே? நல்லா வளர முதல் எடுத்திட்டினமாம். ஆனா மூளைக்கு அது தெரியாதாம். அது வேலையைச் செய், வேலையைச் செய் எண்டு கத்திக்கொண்டே இருக்குமாம். கேக்க ஆள் இல்லாததால, கிட்னிக்குப் பக்கத்தில இருக்கிற வேற ஒண்டு அந்த வேலையைச் செய்யப் போய், கூடச் செய்து, வீங்கிப்போச்சாம். அதாலதான் முடி கொட்டுறது. ரத்தமும் குறைஞ்சுபோச்சாம்."

சித்தி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எடுக்காமல் விட்டிருந்தால்?"

கேட்டேன். பெண் ஃபெரெட்டுக்கு அதை எடுக்காமல், இணையும் சேர்க்காமல் விட்டால் அதுவும் ஆபத்து, இரத்தம் வற்றிச் செத்துப்போகலாம் என்றார் வைத்தியர்.

"அப்ப எடுத்தாலும் கரைச்சல், எடுக்காட்டிலும் கரைச்சல்" என்றார் சித்தி. பிறகு, "எடுக்க முதல் அவளிட்டை ஆரும் கேட்டவையோ எண்டு கேள்."

"சித்தி, விசர்க்கதை கதைக்காதேங்கோ. ஃபெரெட்டிட்டை ஆர் கேக்கிறது?"

"நீ கேள்."

வெட்கத்தோடு கேட்டேன். வைத்தியர் லாச்சியிலிருந்து தலையைத் தூக்கிச் சித்தியைப் பார்த்தார். இல்லை, அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று பதில் சொன்னார். என்னிடம் அல்ல, சித்தியிடம், மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. அதற்குப் பிறகு சித்தி விடவில்லை. உடம்பு எரியுமோ? எலும்பு நோகுமோ? நித்திரை வராதோ? வயது போக முதலே வயது போன மாதிரி ஆகுமோ? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. லாச்சி அங்கே மூச்சு வாங்குகிறாள், இவர் எலும்பைக் கேட்கிறார்! லாச்சிக்கு எலும்பு நோகிறதென்று யார் சொன்னது? ஆனாலும் எல்லாவற்றையும் கேட்டேன். அந்த வைத்தியருக்கும் அவசரமே இல்லை. மனிதருக்கு நடப்பது வேறு, ஃபெரெட்டுக்கு நடப்பது வேறு, இந்த நோய் மனிதருக்கு இப்படி வராது என்றார். சித்தியின் கைமேல் தன் கையை வைத்தார். மனிதருக்கும் இதற்கு வைத்தியம் இருக்கிறது, போய்ப் பார்க்கச் சொல்லு என்று என்னிடம் சொன்னார்.

"சித்தி, மனிசருக்கு வேற டொக்டர் இருக்கினமாம்" என்றேன். "எங்களுக்குத் தெரியாதாக்கும்!"

சித்தி தலையை ஆட்டினார். பொட்டில்லாத நெற்றி வியர்த்திருந்தது.

லாச்சியின் தோலுக்கடியில் ஒரு ஊசியால் மருந்து வைத்தார்கள். அரிசிமணி போன்ற சின்னக் குச்சி, அந்த நாளில் புதிது. மூளையின் கத்தலை அது மெல்ல அடக்கும், முடி வளர மாதங்கள் ஆகலாம், பிழைப்பாளா என்று இந்த வாரம் போனால்தான் தெரியும் என்றார். எண்ணெய் மட்டும் வேண்டாம்.

திரும்பி வரும்போது எங்கள் வீட்டு வாசலில் யாருடையதோ பளபளப்பான கார் நின்றது. உள்ளே ரோவில்காரர்கள். அம்மா, அப்பா, அவர்கள், இடையில் மேசை நிறையப் பலகாரம். நாங்கள் நுழைந்ததும் எல்லோரும் திரும்பினார்கள். சித்தியின் நீலச் சேலையில் எண்ணெய்க் கறை. என் கையிலிருந்த பெட்டியிலிருந்து அந்த வாசம்.

"இதை உள்ளுக்குக் கொண்டுபோ, பிள்ளை" என்றார் சித்தி, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடி. "நான் இவையளோட கொஞ்சம் கதைக்க வேணும்."

நான் போய் லாச்சியை வெந்நீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடத்திக்கொண்டிருந்தேன். வெளியே சித்தியின் குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கார்க் கதவுகள். எட்டிப் பார்த்தேன். ரோல்ஸ் தட்டு அப்படியே நிறைந்திருந்தது.

போச்சு. லாச்சியின் நாற்றத்தில் அவர்கள் ஓடிவிட்டார்கள். இனிக் காப்பகம்தான். அன்று முழுவதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு, அப்பா வந்து காரில் ஏறு என்று சொல்வதற்காகக் காத்திருந்தேன். அவர் வந்தார். என் தலையைத் தடவிவிட்டு, "சாப்பிட்டதோ அது?" என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மா என்னை ஏசவே இல்லை. குசினியில் சித்தியோடு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். ரோல்ஸ் வீணாகிவிட்டதற்கா இவ்வளவு அழுகை என்று எனக்குப் புரியவில்லை. ஒருவரும் ஏசாததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

லாச்சி பிழைத்தாள். முதலில் கோழி சூப்பை என் விரலிலிருந்து நக்கினாள். பிறகு எழுந்து நின்றாள். பிறகு அப்பாவின் காலுறை காணாமல் போனது. அந்தக் காலுறைக்காக நான் துள்ளிய துள்ளல்! வாலில் முடி வர வெகு நாளாயிற்று. பீச் பழத்தின் தோல்போல ஒரு பூனைமயிர். சித்தி தினமும் விரலால் தடவிப் பார்ப்பார். "வருது, என்ன?" "வருது சித்தி." அந்த நாட்களில் அம்மாவும் சித்தியும் அடிக்கடி ஏதோ டொக்டரிடம் போய் வந்தார்கள். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு அதுவும் ஒரு குறை.

இன்று நான் படிப்பது மிருக வைத்தியம். காரணம் சொல்லத் தேவையில்லை. மூன்றாம் வருடத்தில் ஒருநாள், கருத்தடையும் ஹோர்மோனும் பற்றி அம்மாவிடம் வழக்கம்போல மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார். ஊரில், சண்டைக் காலத்தில், சித்திக்குப் பத்தொன்பது வயதில் வயிற்றில் கட்டி. மயக்கி வெட்டினார்கள். கண் விழித்தபோது இரண்டு சூலகமும் இல்லை, இனிப் பிள்ளையும் இல்லை. உயிரைக் காப்பாற்றினோம் என்று மட்டும் சொன்னார்கள். பிறகு எந்த மருந்தும் இல்லை, உடம்பு ஏன் எரிகிறது என்று கேட்கவும் ஆளில்லை. இங்கே கூப்பிட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும், அதுவரை வெளியில் மூச்சு விடக்கூடாது என்று அம்மாவும் அப்பாவும் முடிவு செய்திருந்தார்கள். அதைத்தான் சித்தி அந்தச் சனிக்கிழமை கதிரையில் இருந்து, ரோவில்காரர்களின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

புத்தகப்படி பார்த்தால் லாச்சிக்கு ஹோர்மோன் கூடிப்போனது, சித்திக்கு இல்லாமல் போனது. நேரெதிர். இரண்டுக்கும் ஒரே எண்ணெய் தேய்த்தோம்.

ஆனால் அப்போது எனக்கு இது ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒரு மனக்குறைதான். அடுத்த குளிர்காலத்தில் சித்தி துவைக்கும் அறைக்கு வருவதையே விட்டுவிட்டார். லாச்சி வால் புசுபுசுவென்று, முன்பைவிட அழகாக இருக்கிறாள். சித்தியோ ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கிறார். நோயில் கிடந்தபோது அவ்வளவு அன்பு, சுகமானதும் மறதியா? ஒருநாள் லாச்சியைத் தூக்கிக்கொண்டுபோய் அவருக்கு முன்னால் நின்றேன்.

"ஏன் சித்தி, இப்ப இவளைப் பாக்க வாறேல்லை? முந்தியெல்லாம் எவ்வளவு நேரம் அங்க இருப்பீங்கள்!"

சித்தி கம்பளிச் சட்டையின் கையை விரல்நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டார். அதைச் சொல்வதில் என்ன அத்தனை சந்தோஷமோ, முகம் முழுவதும் சிரிப்பு.

"அங்க இருக்கேலாது, பிள்ளை. இப்ப எனக்குக் குளிருது."

இதெல்லாம் ஒரு சாக்கா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, லாச்சியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் நான் சித்தியோடு பேசவில்லை.